2025–26 ஆண்டறிக்கை: சிறுவர்களுக்கான கடல் கல்வி

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, வகுப்பு நடத்திய தன்னார்வலர்களே, பிள்ளைகளை நம்பி அனுப்பிவைத்த பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் 2025–26ஆம் ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். நிர்வாகக் குழுக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. தீர்மானங்கள் எல்லாம் பதிவேட்டில் இருப்பதால் அவற்றை மறுபடி வாசிக்கவில்லை. இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பங்கு சிறுவர்களுக்கான கடல் வகுப்புக்கே போனது. அறிக்கையும் அதைப் பற்றித்தான் அதிகம் பேசும்.

ஜூன் 8, உலகப் பெருங்கடல் நாளன்று வகுப்பைத் தொடங்கினோம். ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, கடலுக்கு என்ன ஆபத்து என்று வரையச் சொன்னோம். பை, பாட்டில், வலையில் சிக்கிய ஆமை என்று வந்த படங்கள் அநேகமாக எல்லாமே பிளாஸ்டிக் பற்றியவை. பிள்ளைகள் வரைந்தது உண்மைதான். ஆனால் வெப்பத்தை யாரும் வரையவில்லை. கடல்நீர் அமிலமாகிவருவதை யாரும் வரையவில்லை. கப்பல் இரைச்சலை யாரும் வரையவில்லை. கண்ணால் பார்க்காததை எப்படி வரைவார்கள்? குப்பையைப் பொறுக்கிவிட்டால் கடல் சரியாகிவிடும் என்று நம்பி ஒரு குழந்தை வளர்ந்தால், அதற்குப் பாதிக் கதைதான் தெரியும். அதனால் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளைக் கையால் செய்துபார்த்துப் புரிந்துகொள்ளும்படி பாடத்தை அமைப்பது என்று பாடக்குழு முடிவெடுத்தது. இந்த ஆண்டு நாம் செய்ததிலேயே முக்கியமானது இந்த முடிவு என்பது என் கருத்து.

முதலில் அமிலம். ஊதா முட்டைக்கோஸை வேகவைத்து எடுத்த நீலச் சாயல் கொண்ட நீரை டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தோம். பிள்ளைகள் ஸ்ட்ராவால் ஊத ஊத, நீலம் குறைந்து ஊதா ஏறியது. மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து அமிலமாவதுதான் காரணம். அப்புறம் ஒரு சிப்பி ஓட்டை வினிகரில் போட்டோம். ஓட்டைச் சுற்றிக் குமிழ்கள் கிளம்பியதும் அறையே அமைதியாகிவிட்டது. மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது, தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த மேற்பரப்பு நீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று பொருள்) இன்று 8.1 அளவுக்கு இறங்கியிருக்கிறது என்று அதன் பிறகே சொன்னோம். "வெறும் 0.1 தானே?" என்று பெரிய பிள்ளைகள் கேட்டார்கள். நல்ல கேள்வி. பிஎச் அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. அந்தக் கணக்குப்படி இந்தச் சின்ன இறக்கமே அமிலத்தன்மையில் சுமார் 30 சதவீத உயர்வு.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கடல் வினிகர் அல்ல. இப்போதும் காரத்தன்மை உள்ள நீர்தான். நாம் காட்டியது போல ஓடுகள் கண்ணெதிரே கரைவதில்லை. சிப்பிக்கு ஓட்டையும் பவளத்துக்குச் சுண்ணாம்புக் கூட்டையும் கட்டுவது முன்பைவிடக் கடினமாகிறது என்பதே செய்தி. சோதனை மனதில் பதிய வேண்டும் என்பதற்காக உண்மையை ஊதிப் பெரிதாக்கக் கூடாது.

வெப்பத்துக்கு இரண்டு பலூன்கள். காற்று நிரப்பியது மெழுகுவத்திச் சுடர் பட்டதும் வெடித்தது. நீர் நிரப்பியது வெடிக்கவில்லை. சூட்டை நீர் வாங்கிக்கொண்டது. பசுங்குடில் வாயுக்களால் பூமியில் தேங்கும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் இப்படி வாங்கிக்கொள்கிறது என்று சொன்னபோது விளக்கமே தேவைப்படவில்லை. அதிலிருந்து பவளப்பாறைக்குப் போனோம். பவள உயிரிகளின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள்தான் அவற்றுக்கு நிறத்தையும் பெரும்பகுதி உணவையும் தருகின்றன. சூடு தாங்காமல் பவளங்கள் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகின்றன. 2023இல் தொடங்கிய நான்காவது உலகளாவிய வெளுப்பில், உலகப் பவளப்பாறைப் பரப்பில் சுமார் 84 சதவீதம் வெளுக்கும் அளவு வெப்பத்துக்கு உள்ளானதாக 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல, சூடு சீக்கிரம் தணிந்தால் மீளும் என்பதையும் சேர்த்தே சொன்னோம். அதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் கையறுநிலையோடு வீட்டுக்குப் போவார்கள்.

மீன்வளப் பாடம் விளையாட்டாக நடந்தது. கிண்ணத்தில் பாசிமணிகள், கையில் கரண்டி. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மீந்திருக்கும் மணிகள் இரட்டிக்கும். எந்தக் குழுவானாலும் முதல் ஆட்டத்தில் கிண்ணம் சீக்கிரமே காலியானது. இரண்டாவது ஆட்டத்தில் அவர்களே பேசி வரம்பு வைத்துக்கொண்டார்கள். மணிகள் கடைசிவரை இருந்தன. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் அருகிப்போய் 1992இல் அரசு மீன்பிடிப்பை நிறுத்திய கதையை அதன் பிறகு சொன்னோம். பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்த மீன்வளம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இந்தப் பாடத்தில் மீனவர்களைக் குற்றவாளிகளாகக் காட்டாமல் இருப்பதில் கவனமாக இருந்தோம். கடலை நம்பிப் பிழைப்பவர்களுக்குத்தான் அதன் நலனில் அக்கறை அதிகம்.

இரைச்சல் பற்றிய வகுப்பு சிறியது, ஆனால் பிள்ளைகள் மறக்காதது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய நாட்களில் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்தது. அப்போது அங்கிருந்த திமிங்கிலங்களின் சாணத்தில் மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். சாணத்தைச் சோதித்தார்கள் என்றதும் எழுந்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு வந்த கேள்விகள் ஆழமானவை.

பிளாஸ்டிக்கை விட்டுவிடவில்லை. செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை, சர்வதேசக் கரையோரத் தூய்மை நாளில் பிள்ளைகளும் கலந்துகொண்டார்கள். 1986இல் அமெரிக்காவின் டெக்சஸில் தொடங்கியபோதே, பொறுக்கியதை வகைவாரியாக எண்ணிப் பதிவுசெய்வது இந்த முயற்சியின் அங்கமாக இருந்தது. நாமும் அப்படியே செய்தோம். எண்ணும்போதுதான் குப்பை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழுகிறது. கூரான பொருட்களைப் பெரியவர்கள் மட்டுமே எடுத்தார்கள். பசிபிக் குப்பைத் திட்டு கால் வைத்து நடக்கக்கூடிய தீவு என்று பலர் நினைத்திருந்தார்கள். அது தீவு அல்ல, பரந்த நீர்ப்பரப்பில் சிதறி மிதக்கும் துண்டுகள். எடைக் கணக்கில் அதில் பாதியை நெருங்கும் அளவு மீன்பிடி வலைகள் என்று 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. 2050இல் மீனைவிடப் பிளாஸ்டிக் அதிகமாகிவிடும் என்ற சுவரொட்டியை வகுப்பறையில் ஒட்ட வேண்டாம் என்று முடிவுசெய்தோம். கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்பதற்கே உறுதியான கணக்கு கிடையாது. நாளைக்கு ஒரு பிள்ளை அந்த எண்ணைச் சரிபார்க்கப் போனால், நாம் சொன்ன மற்றவற்றையும் சந்தேகிக்கும்.

ஒரு சிறுமியின் கேள்வியை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். பூமியில் உருவாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழப் பாதி, கடல்நீரில் மிதந்து வாழும் நுண்ணிய மிதவை உயிரிகளால் வருகிறது என்று கேட்டவள், "அப்ப அதெல்லாம் செத்துட்டா நமக்கு மூச்சு நின்னுடுமா?" என்றாள். முகத்தில் உண்மையான பயம். நிற்காது என்று அவளுக்கு விளக்கினோம். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பு. கடலில் உருவாகும் ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கடலின் உயிர்களே செலவழித்துவிடுகின்றன. மிதவை உயிரிகள் குறைந்தால் முதலில் அடி விழுவது கடலின் உணவுச் சங்கிலிக்கு. அவளுடைய பயம் தெளிந்தது, அக்கறை குறையவில்லை.

அன்றிலிருந்து இரண்டு நடைமுறைகள் வந்தன. எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆபத்துப் பாடம் கிடையாது. எண்கால் கணவாய், கடற்குதிரை, ஆமை என்று உயிர்களை மட்டும் அறிமுகம் செய்கிறோம். பெரிய பிள்ளைகளுக்கு ஆபத்தைச் சொல்லும் அதே நாளில், மனிதர்கள் ஒன்றுசேர்ந்து சரிசெய்த ஒன்றையும் சொல்கிறோம். வணிகத் திமிங்கில வேட்டைக்கு 1986இல் தடை நடைமுறைக்கு வந்தது. ஒரு காலத்தில் ஐந்நூறுக்கும் கீழே போய்விட்ட மேற்குத் தென் அட்லாண்டிக் கூனல் திமிங்கிலங்கள் இன்று ஏறக்குறைய 25,000. இந்த ஆண்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 2026 ஜனவரி 17 அன்று, ஆழ்கடல் உடன்படிக்கை அமலுக்கு வந்தது. கடற்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எந்த நாட்டு எல்லைக்குள்ளும் வராது. அங்கே பாதுகாக்கப்பட்ட பகுதிகளை அமைக்க இது வழி திறக்கிறது. உலக வரைபடத்தில் அந்தப் பரப்புக்கு வண்ணம் தீட்டிய பிள்ளைகள், நீல மெழுகுக்குச்சிகள் தீர்ந்துபோனதாகச் சொன்னார்கள்.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகள். மிதவை உயிரிகளைப் பிள்ளைகள் நேரில் பார்க்க ஒரு நுண்ணோக்கி வேண்டும். தன்னார்வலர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை பயிற்சி வேண்டும்; பாடம் தெரிந்தால் மட்டும் போதாது, பயந்த குழந்தையிடம் பேசவும் தெரிய வேண்டும். வகுப்பை முடித்த பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குச் சோதனைகளைச் செய்துகாட்டப் பொதுக்குழு அனுமதி தர வேண்டும். கேட்டதே அவர்கள்தான்.

சோதனைப் பொருட்களைத் தயார்செய்து, முடிந்ததும் கழுவி அடுக்கிவைத்தவர்களுக்கும், தூய்மை நாளில் கூடவே நின்ற பெற்றோருக்கும் சங்கத்தின் நன்றி. வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். இந்த ஆண்டறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்