குவார்ட்டரிலும் கலோரி இருக்கிறது

ஆசிரியருக்கு,

எடை குறைக்க இரவுச் சோற்றை விட்டவர்கள் பலர் மதுவை மட்டும் விடுவதில்லை. 'அதில்தான் கொழுப்பே இல்லையே' என்பார்கள். இல்லைதான். ஆனால் ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி என்றால், ஒரு கிராம் ஆல்கஹாலில் 7.

42.8 சதவீத பிராந்தி 180 மி.லி.யில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால், 420 கலோரி. கலக்கும் கோலா 250 மி.லி. என்றால் இன்னும் நூறு. தொட்டுக்கொள்ள மிக்சர் 100 கிராம் போனால் அதுவே 500. தியாகம் செய்த அந்த இரண்டு தோசை எம்மாத்திரம்!

ஆல்கஹாலை உடலால் சேமித்துவைக்க முடியாது. அதனால் கல்லீரல் அதைத்தான் முதலில் எரிக்கும், மணிக்கு ஏழெட்டு கிராம் வீதம். ஒரு குவார்ட்டர் தீர எட்டு மணி நேரமாவது ஆகும். அதுவரை கொழுப்பு எரிவது வெகுவாகக் குறையும். கூடவே தின்ற வறுவலின் எண்ணெய் நேராக இடுப்புக்குப் போகும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் நள்ளிரவில் சர்க்கரை தாழலாம். வியர்வையையும் உளறலையும் வீட்டார் போதை என்று நினைத்துவிடுவார்கள். அதுதான் ஆபத்து.

நிறுத்துவதே நல்லது. முடியாதவர்கள் இட்லியோ சுண்டலோ சாப்பிட்டுவிட்டு, வெறும் சோடாவுடன் 60 மி.லி.யோடு எழுந்துவிடலாம். தினமும் நிறையக் குடிப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது, வலிப்பு வரக்கூடும்.

பாட்டிலில் கலோரி அளவையும் தமிழில் பெரிதாக அச்சிட அரசு உத்தரவிட வேண்டும்.

உணவியல் ஆலோசகர்கள் சிலர்,
மதுரை