ரீயூனியனை ஒரே நாளில் முடிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில், மொரிஷியஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மொரிஷியஸ் போகிறவர்கள் கூடவே ஒரு நாள் ஒதுக்கினால் போதும், எரிமலையையும் கடற்கரையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று போட்டிருந்தீர்கள். போன வருஷம் போவதற்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், நல்லவேளை ஐந்து நாள் கையில் இருந்தது.

முதல் நாள் எரிமலை விளிம்பான பா த பெல்கோம்புக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. எதிரே பித்தோன் ட லா ஃபூர்னேஸ் எரிமலை தெரிய வேண்டும், தெரிந்ததோ வெறும் வெள்ளை. கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் உலகமே இல்லை! விடிந்து சில மணி நேரத்திலேயே மேகம் ஏறி மூடிவிடுமாம். ஒரு நாள் கணக்கில் வந்திருந்தால் அதோடு சரி. எங்களுக்கு இன்னும் நான்கு நாள் இருந்ததால் மறுநாள் இருட்டோடு கிளம்பினோம்.

வழியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. மாடு மேய்கிற பச்சைப் புல்வெளி, குளிர், பனிமூட்டம் என்று போய்க்கொண்டே இருந்து, ஒரு வளைவு திரும்பியதும் எல்லாம் காணாமல் போய், கீழே மரம் ஒன்றுகூட இல்லாத செங்கருப்புச் சரளைச் சமவெளி விரிகிறது. பிளேன் தே சாப்ல் என்று பெயர். அதைக் கடந்து, விளிம்பிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் இறங்கினால் உறைந்த எரிமலைக் குழம்பின் மேலேயே நடக்கலாம். சில இடத்தில் முறுக்கிப் போட்ட வடம் மாதிரி கிடக்கிறது, சில இடத்தில் மேல்தோல் அவ்வளவு மெல்லிசு, மிதித்தால் கண்ணாடி வளையல் உடைகிற சத்தம். வழிகாட்ட வெள்ளைப் பெயிண்ட் புள்ளிகள்தான். உச்சியில் இருக்கும் தோலோமியே பள்ளம் 2007 வெடிப்பில் 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கிய இடம். எரிமலை அடிக்கடி விழித்துக்கொள்ளும், அப்போது நடைபாதைக் கதவைப் பூட்டிவிடுவார்கள், அதையும் விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

இது ஒரு மூலைதான். இன்னொரு பக்கம் 3,000 மீட்டரைத் தாண்டி நிற்கும் பித்தோன் தே நேஜ் சிகரம், அதைச் சுற்றி மூன்று மலைக்கிண்ணங்கள், அதாவது செங்குத்து மலைச்சுவர் சூழ்ந்த பள்ளத்தாக்குகள். அதில் ஒன்றான சிலாவோஸுக்குப் போகும் சாலையில் 400க்கு மேல் வளைவுகள் (எனக்கு இருநூறாவதிலேயே குமட்டியது). இன்னொன்றான மஃபாத்துக்குச் சாலையே கிடையாது, நடந்து போக வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். கிழக்குக் கரையில் 1977-ல் குழம்பு சுற்றி வளைத்தும் நிற்கிற தேவாலயம். அப்புறம், கரும்புத் தோட்ட வேலைக்குக் கூட்டிப்போன நம் ஆட்களின் வழிவந்தவர்களும், அவர்கள் கட்டிய கோவில்களும். தமிழ்ப் பத்திரிகையில் அதையும் எப்படி விட்டீர்கள் என்று புரியவில்லை.

எல்லாவற்றையும் விட, 'எந்தக் கடற்கரையிலும் இறங்கிக் குளிக்கலாம்' என்ற வரி தப்பு, ஆபத்தும்கூட. சுறா தாக்கிப் பல பேர் இறந்த கடல் அது. மேற்கே பவளத்திட்டுக்கு உள்பக்கம் அலையில்லாத நீரிலும், அனுமதித்த இடங்களிலும் மட்டும்தான் குளிக்கலாம், மற்ற இடங்களில் எச்சரிக்கைப் பலகை நட்டிருக்கிறார்கள். மற்றதை விட்டாலும் இதற்கு மட்டுமாவது அடுத்த வாரமே ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்