இரவுக் கடலுக்கு ஒரு நெற்றி விளக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகளுக்கு,

சிட்னியிலிருந்து வடக்கே இரவு முழுவதும் பாய் விரித்துச் செல்லும் பயணத்தில் உன்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று நீ சொன்னதிலிருந்து அம்மா உயிர்காப்பு அங்கியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறார். நானோ நீ படம் அனுப்பிய மூன்று ஹெட்லாம்புகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றிலும் சிவப்பு வெளிச்சம் இருக்கிறதே, எதை வாங்கினால் என்ன என்று கேட்டிருந்தாய். பொத்தானை முதல் தடவை அழுத்தியதும் எந்த நிறம் எரிகிறது, அந்தச் சிவப்பை எவ்வளவு தூரம் மங்கலாக்கலாம் என்ற இரண்டையும் அறியாமல் பணத்தைக் கொடுத்துவிடாதே.

2022 இல் மின்வெட்டுக்காக நாம் வாங்கிய ஹெட்லாம்ப் நினைவிருக்கிறதா? அதற்கு ஒரே ஒரு பொத்தான். முதல் அழுத்தில் முழு வெள்ளை, இரண்டாவதில் அரை வெள்ளை, மூன்றாவதில் மின்னி மின்னி எரியும் வெள்ளை, நான்காவதில்தான் சிவப்பு. ஓர் இரவு, ஊரே இருண்டிருந்தபோது, மொட்டை மாடியில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்த் தாங்கியின் மூடியும், கொடிக் கயிற்றில் அம்மா மறந்துவிட்ட துவாயும், தொலைவில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களின் விளக்குகளும் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. பிறகு சிவப்பைத் தேடிப் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு வந்து சேர்வதற்குள் துவாயும் போயிற்று, தாங்கியும் போயிற்று. கண்ணுக்குள் ஒரு பச்சைத் திட்டு மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

காரணம் இதுதான். கண்ணின் உள்ளே மங்கலில் பார்ப்பதற்கு உதவும் கோல் கலங்களில் ரொடோப்சின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் அது சிதைந்துவிடும், மீண்டும் போதிய அளவு சேர்வதற்கு 20 முதல் 30 நிமிடம் வரை, சில வேளைகளில் அதற்கும் மேலாக, இருட்டில் காத்திருக்க வேண்டும். அந்தக் கலங்கள் 500 நனோமீற்றர் அளவிலுள்ள நீலப்பச்சை ஒளிக்கு மிகவும் கூர்மையானவை, ஆழ்ந்த சிவப்புக்கோ அநேகமாகக் குருடு. ஆகவே மங்கிய சிவப்பில் நீ வரைபடத்தை வாசித்தாலும் கோல் கலங்கள் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் சிவப்பாயிருந்தாலும் கண்ணைக் கூசவைத்தால் அது கெடுதிதான், இதை விளம்பரங்களில் எவரும் எழுதுவதில்லை. பிரகாசமான சிவப்பைவிட, விரல் இடுக்கில் கசியும் அளவுக்கு மங்கிய வெள்ளையே மேல் என்பது என் அனுபவம்.

நான் கப்பலில் இளநிலை அதிகாரியாக இருந்தபோது, கொழும்பை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் இரவில், உடன் இருந்த ஒருவர் எழுதுகோலைத் தேடி மேசை விளக்கை முழுதாகப் போட்டுவிட்டார். முன்னே ஒரு மீன்பிடி வள்ளத்தின் சிறிய விளக்கை நான் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தேன். அதன் பிறகு அது எங்கே என்று தெரியவில்லை. ரேடாரில் மர வள்ளம் சரியாகத் தெரியாது. வேகத்தைக் குறைத்தோம், சற்று நேரத்தில் அது நாங்கள் நினைத்த பக்கத்தில் அல்லாமல் மறுபக்கத்தில் வந்து நின்றது. எழுதுகோல் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது.

சிவப்புக்கும் தொல்லைகள் உண்டு. கடல் வரைபடங்களில் கலங்கரை விளக்கங்களின் குறியும், கப்பல்களைப் பிரித்து அனுப்பும் பாதைகளும், பல எச்சரிக்கைகளும் ஊதா கலந்த சிவப்பு நிறத்தில்தான் அச்சாகின்றன. சிவப்பு ஒளியில் தாளும் அந்த மையும் ஒன்றாகிவிடுவதால் அவை காணாமல் போய்விடும். அதற்காகவே மிக மங்கலாக இறங்கக்கூடிய வெள்ளையும் அந்த விளக்கில் இருக்க வேண்டும் என்கிறேன். இன்னொன்று, படகின் இடப்பக்க விளக்கு சிவப்பு என்பதை மறக்காதே. நெற்றியில் சிவப்பு எரிய நீ வெளியே திரும்பி நின்றால், எதிரே வருபவர் அதைப் பக்க விளக்கென்று நினைக்க இடமுண்டு. கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972 ஆம் ஆண்டின் விதிகளும் அப்படிக் குழப்பக்கூடிய விளக்குகளைக் காட்டக்கூடாது என்கின்றன. வேலை முடிந்ததும் அணைத்துவிடு. பேசுபவரின் முகத்தைப் பார்த்து ஒருபோதும் எரியவிடாதே, அவருடைய அரை மணி நேரத்தையும் நீ எடுத்துக்கொள்கிறாய்.

ஆகவே நீ அனுப்பிய மூன்றில் நடுவில் உள்ளதை வாங்கு. அதில் சிவப்புக்குத் தனிப் பொத்தான் இருக்கிறது, பையில் தானாக எரியாதபடி பூட்டும் இருக்கிறது, தண்ணீரில் 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் ஐபிஎக்ஸ் 7 தரமும் போட்டிருக்கிறது. மூன்றாவதன் பின்புறத்தில் காந்தம் இருப்பதாகத் தெரிகிறது. திசைகாட்டிக்கு அருகில் அது வேண்டாம். வந்து சேர்ந்ததும் அறையை இருட்டாக்கி, ஈரக் கையுறையோடு பத்துத் தடவை பொத்தானைத் தடவிப் பழகிக்கொள்.

அடுத்த முறை வரும்போது உன் பழைய ஹெட்லாம்பைக் கொண்டு வா. வெள்ளை முதலில் எரிந்தால் பரவாயில்லை, அம்மாவுக்குக் குசினியில் அதுதான் வேண்டும்.

அன்புடன்,
அப்பா