ஆண்டறிக்கை 2024–25: சமுதாயக் கூடத்து மீத்தேன் வடிகட்டி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, மழைநீர் வடிகால், சந்தா நிலுவை ஆகியவை பொருளாளரின் அறிக்கையில் இடம்பெறுவதால், உறுப்பினர்கள் அதிகம் கேள்வி எழுப்பிய மீத்தேன் வடிகட்டியைப் பற்றியே இவ்வறிக்கையில் தெரிவிக்கிறேன்.

2022 ஏப்ரல் இறுதியில் சென்னை பெருங்குடிக் குப்பைக்கிடங்கில் பற்றிய தீ பல நாட்கள் புகைந்தபோதுதான் மீத்தேன் நம் தெருக்களில் பேச்சுப் பொருளாயிற்று. காற்றுப் புகாமல் மக்கும் உணவுக் கழிவிலிருந்து எழும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மீத்தேன். 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்கக் கூடியது. உணவுக் கழிவை மக்க வைத்துச் சமுதாயக் கூடத்து அடுப்புக்கு எரிவாயு தரும் நமது பயோகேஸ் கலனும் இதற்கு விலக்கன்று. முகூர்த்த நாட்களில் மிஞ்சும் சோறும் காய்கறிக் கழிவும் கலனில் சேர்வதாலும், மறுநாள் சமையல் இல்லாமல் அடுப்பு அணைந்தே கிடப்பதாலும், வாயு சேரச் சேர மேலெழும் மிதவை மூடி முழுவதும் உயர்ந்து, எஞ்சிய வாயு விளிம்பு வழியே வீணாக வெளியேறி வந்தது.

அந்த எஞ்சிய வாயுவைக் குழாய் வழியே ஒரு டிரம்மின் அடிக்குக் கொண்டு சென்றுள்ளோம்; இந்த டிரம்தான் நமது வடிகட்டி. அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் செங்கல் ஜல்லியும், அதன்மேல் நன்கு மக்கிய உரத்துடன் தென்னை நார்க்கழிவும் நிரப்பப்பட்டுள்ளன. கீழிருந்து மீத்தேனும், திறந்த மேற்புறத்திலிருந்து ஆக்சிஜனும் சந்திக்கும் இடத்தில், மெத்திலோசிஸ்டிஸ், மெத்திலோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் மீத்தேனை முதலில் மெத்தனாலாகவும், படிப்படியாகக் கரியமில வாயுவாகவும் மாற்றித் தமக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுகின்றன. ஒரு கிலோ மீத்தேன் முழுவதும் மாறினால் கிடைப்பது 2.75 கிலோ கரியமில வாயுதான் என்பதால், 28 மடங்கோடு ஒப்பிட்டால் லாபம் எந்தப் பக்கம் என்பது விளங்கும். இந்தப் பாக்டீரியாக்களை நாம் விலைக்கு வாங்கவில்லை. மக்கிய உரத்திலேயே இருப்பவை, மீத்தேன் கிடைத்தால் சில வாரங்களில் பெருகிவிடும். கிருமி வளர்க்கிறோமோ என்று அஞ்சிய உறுப்பினர்களுக்கு, இவை மீத்தேனையும் மெத்தனாலையும் நம்பி வாழ்பவை, நோய் பரப்புபவை அல்ல என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

டிரம்மை வைத்தது சிறு வேலை. ஈரத்தைக் காப்பதே பெரும் வேலை. வடகிழக்குப் பருவமழையில் உரம் நனைந்து துளைகள் நீரால் அடைபட்டதால், காற்று உள்ளே இறங்கவில்லை; வாயு ஓரமாக வழி தேடிக்கொண்டது. தகரக் கூரை போட்ட பின்னரே நிலைமை சீரடைந்தது. கோடையிலோ மேல்பகுதி காய்ந்து போனதால், காவலாளி தினமும் தண்ணீர் தெளித்து வந்தார். உரத்தைக் கைப்பிடியில் அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது என்பதே அவர் வைத்திருக்கும் அளவுகோல். கருவி எதுவும் தேவைப்படவில்லை. வடிகட்டி வேலை செய்யும் நாட்களில் உரத்துக்குள் விரலை விட்டால் இளஞ்சூடு தெரியும். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை மீத்தேன் கலந்திருந்தால் தீப்பற்றி வெடிக்கும் என்பதால், அவ்விடத்தில் பீடி, சிகரெட், கற்பூரம் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை.

இது பெருங்குடி மேட்டுக்கே தீர்வாகுமா என்று சிலர் கேட்டனர். டென்மார்க்கின் ஃபாக்ஸே குப்பைக்கிடங்கில் உரப் படுகை போர்த்தி இம்முறையைச் செயல்படுத்தியிருக்கிறார்கள். ஆயினும், காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி, முறையாகப் பராமரித்து மண்ணோ உரமோ மூடிய கிடங்குகளுக்கே 10 விழுக்காடு மீத்தேன் குறைவதாகக் கணக்கில் கொள்ள இடம் தருகிறது. மூடாத மேட்டுக்குச் சுழியம்தான். ஆகவே வாயு முதலில் அடுப்புக்குப் போக வேண்டும், எஞ்சியதே வடிகட்டிக்கு என்பது செயற்குழுவின் நிலைப்பாடு. டிரம் இருக்கிறதே என்று உணவை வீணாக்க இது அனுமதிச் சீட்டு அல்ல.

பாக்டீரியாக்கள் சுரக்கும் பசையால் நாளடைவில் உரம் இறுகிவிடுவதால், பருவமழைக்கு முன் படுகையைக் கொட்டிப் புதிதாக நிரப்ப வேண்டியுள்ளது. அதற்கான உரச் செலவுக்கும், காவலாளியின் கூடுதல் பணிக்கான படித்தொகைக்கும் பொதுக்குழு ஒப்புதல் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்