கிளுவைக் கதியாலைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

நல்லூருக்கு அண்மையில், சனசமூக நிலைய மண்டபம் ஒன்றில், மரங்களை ஆழமற்ற தட்டில் குறுக்கி வளர்க்கும் எமது பொன்சாய்க் கழகம் இரண்டு நாட்கள் நடத்திய கண்காட்சி சென்ற ஞாயிறு மாலை நிறைவுற்றது. அங்கே எனது பெயர் எழுதிய அட்டையுடன் இருந்த கிளுவை மரத்தைப் பார்த்துப் பலரும் என்னைப் பாராட்டினார்கள். அட்டையில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. விடுபட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி பக்கத்து வளவு அக்காவுக்கு உரியது. மூன்று வருடங்களுக்கு முன்னர் வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டத் தொடங்கியபோது, பிடுங்கிய கதியால்களுக்குத் தீ வைப்பதற்கு முன்னர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உமக்கு ஏதும் உதவுமோ பாரும்" என்று கேட்டவர் அவர். கதியால் என்பது வெட்டி ஊன்றிய தடி ஆகையால் அதற்கு ஆணிவேர் இல்லை. வேர்கள் எல்லாம் பக்கவாட்டில் படர்ந்திருந்தபடியால் ஆழமற்ற தட்டில் அமர்த்துவதற்கு அதைவிட வாய்ப்பான அடிமரம் எனக்குக் கிடைத்திருக்காது. மேற்பகுதியோ, அக்காவும் அவருக்கு முன்னர் அவருடைய தாயாரும் ஆடுகளுக்குக் குழை வெட்டி வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னரும் புதிய பக்கக் கிளை தலையெடுத்ததால், அடி பருத்தும் நுனி ஒடுங்கியும் இயல்பாகவே வளைந்திருந்தது. குனிந்து பார்த்தவர்கள் வியந்த அந்த வளைவு எனது கைவேலை அல்ல, இரண்டு தலைமுறையின் கொக்கத்தடி வேலை.

கழகத்தின் மூத்த உறுப்பினரான ஆசிரியர் ஐயாவுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது. தடிப்பான கிளைகளை வளைக்கச் செப்புக் கம்பி வேண்டியிருந்தபோது, மோட்டார் வைண்டிங் கடைத் தம்பி கழிவாக ஒதுக்கியிருந்த கம்பியைக் காசு வாங்காமல் தந்தார். ஐயா அதன் பூச்சைச் சுரண்டி எடுத்து, யப்பானியர் செய்வதுபோல் வைக்கோல் நெருப்பில் இட்டு, ஆறியபின் கையில் தந்தபோது அது பாம்புக்குட்டி போல் வளைந்தது. கிளையின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்குக் கம்பியைத் தெரிந்து, 45 பாகைச் சரிவில், வளைவின் வெளிப்புறத்தைக் கம்பி தாங்கும்படி சுற்றவேண்டும் என்பதை அவர் ஒரு பிற்பகல் முழுவதும் எனது விரல்களைப் பிடித்துப் பழக்கினார். கட்டத்தான் படித்தேன், கழற்றப் படிக்கவில்லை. மாரி மழைக்குக் கிளை பருத்ததைக் கவனியாமல் விட்டதனால் கம்பி பட்டைக்குள் இறங்கிவிட்டது. சுற்றி எடுக்காமல், குறட்டினால் துண்டு துண்டாக நறுக்கி அவரே அதை அகற்றினார். இடப்புறத்து முதற் கிளையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பின்னுக்குத் திருப்பி வைத்ததும் அவருடைய யோசனையே.

ஐயாவின் ஆலமரத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். 1995 ஒக்ரோபர் இறுதியில் போரினால் ஊரோடு இடம்பெயர்ந்தபோது அவர் அதைக் கிணற்றடியில் தட்டோடு விட்டுப் போனார். அடுத்த வருடம் திரும்பி வந்து பார்க்கையில், வேர் தட்டின் துவாரத்தால் நிலத்துக்குள் இறங்கி, தட்டைப் பிளந்து, மரம் ஆளுயரத்துக்கு நின்றதாம். மீண்டும் வெட்டி, மீண்டும் தட்டில் ஏற்றி, இம்முறை மண்டபத்தின் நடுவில் அதை வைத்தார். 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின்னர் தோக்கியோவின் பொன்சாய் வளர்ப்பாளர்கள் அதற்கு வடக்கே உள்ள ஒமியாவுக்குப் பெயர்ந்து 1925இல் அங்கே ஒரு பொன்சாய்க் கிராமத்தையே உருவாக்கியதை அவர் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, தன் கதையை அதோடு சேர்ப்பதே இல்லை. அதனால் நான் சேர்த்துச் சொல்கிறேன்.

எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்பு நீர். நாள்தோறும் ஊற்ற, கிளுவையின் பச்சைப் பட்டையிலும் தட்டின் விளிம்பிலும் வெள்ளை படிந்துவிடும். கண்காட்சிக்கு முதல்நாள் இரவு, தாங்கியில் சேமித்த மழைநீரைக் கான்களில் கொண்டுவந்து, பழைய பல்தூரிகைகளால் பத்து மணி வரை தேய்த்துத் தந்த இளம் உறுப்பினர்கள் இருவருக்கும் நன்றி.

பட்டா எனும் சிறு பாரவண்டியில் மரத்தை ஏற்றும்போது நான் கயிற்றைச் சரியாக இறுக்காததால் தட்டின் ஒரு மூலை உடைந்தது. திறப்பு விழாவுக்கு இரண்டு மணித்தியாலமே இருக்கையில், தமது மரத்துக்கென வைத்திருந்த சீமெந்துத் தட்டைத் தந்துவிட்டுத் தமது மரத்தைக் காட்சிக்கு வைக்காமலே விட்ட உறுப்பினருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அடுத்த முறை எனது இடம் அவருக்குரியது.

"பனையைப் பொன்சாய் ஆக்கலாமோ?" என்று கேட்ட நூறு பேருக்கும், பனைக்கு ஒரே ஒரு குருத்து, அதை வெட்டினால் மரமே பட்டுவிடும் என்று அலுக்காமல் விளக்கிய வாயில் மேசைத் தங்கைக்கும் எனது வணக்கம்.

மரம் வைக்கப்பட்டிருந்த பனஞ்சட்டப் பீடத்தை இரவலாகத் தந்த தச்சு ஆசாரியாருக்கு ஒரு செய்தி: அது இன்னும் எனது வீட்டு விறாந்தையில்தான் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை, துடைத்து எண்ணெய் பூசிக் கொண்டுவந்து தருவேன்.

நன்றியுடன்,
கழக உறுப்பினர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.