தாடிக்கு, கிட்டார் விஷயமாக

சென்னை,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள தாடி,

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. அதற்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கடிதமும் போகாது, விடு. வீட்டில் எல்லோரும் நலம். பெண் பிளஸ் டூ. அதனால் இங்கே யாரும் சத்தமாக மூச்சுகூட விடுவதில்லை. நம் பாண்டின் பாங்கோஸ் வளசரவாக்கத்தில் பேக்கரி வைத்துவிட்டான். போனால் காசு வாங்க மாட்டேன் என்கிறான், ஆனால் பழைய கச்சேரிக் கணக்கை மட்டும் மறக்காமல் கேட்கிறான். ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. என் பெரிய பெட்டியை, அந்த ஆழமான காலிப் பெட்டிக் கிட்டாரை, மாற்றலாமா என்று யோசிக்கிறேன். சிரிக்காதே. “ஜாஸ் என்றால் பெரிய பெட்டி, மீதியெல்லாம் பலகை” என்று உன்னிடம் வருஷக்கணக்கில் சண்டை போட்டவன்தான் கேட்கிறேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலது தோள் இறுகிப்போய்விட்டது. ஃப்ரோஸன் ஷோல்டராம். சர்க்கரை இருப்பவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வருமாம். ரிசப்ஷன் முடிந்து பந்தியில் நாம் தின்ற ஜாங்கிரியெல்லாம் இப்போது கணக்குத் தீர்க்கிறது. சட்டைக் கைக்குள் கையை நுழைக்க ஆள் வேண்டும். பெரிய பெட்டியின் ஆழம் மூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, அடிப்பக்க அகலம் 16 அங்குலம். அதன் விளிம்புக்கு மேல் முழங்கையைப் போட்டால் தோள் மேலே எழும்பி வெளியே தள்ளுகிறது. ஒரு பாட்டு முடிவதற்குள் வலி விரல் வரைக்கும் இறங்கிவிடுகிறது. பிசியோகாரர் தினமும் சுவரில் விரலை ஏற்றி ஏற்றி இறக்கச் சொல்கிறார். செய்கிறேன். பாதி நாள் செய்கிறேன்.

இந்த நேரம் பார்த்து, கோடம்பாக்கத்தில் செஷன் வாசிக்கிற ஒரு தம்பி வெளிநாடு போகிறான், தன்னுடைய எபிஃபோன் கஸினோவை விற்கிறான். “வீட்டில் வைத்து வாசித்துப் பாருங்கண்ணா, பிடித்தால் சொல்லுங்க” என்று கொடுத்துவிட்டே போய்விட்டான். இப்போது எதிரே நாற்காலியில் சாய்ந்திருக்கிறது. ஒல்லிப் பெட்டி, ஆழம் ஒன்றே முக்கால் அங்குலம் இருக்கும். உள்ளே முழுக்கக் காலி, மேல்பலகையில் எஃப் வடிவத் துளை இரண்டு, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டு, பி-90 வகை. பீட்டில்ஸ் கிட்டார்தானே என்பாய். ஆமாம், அவர்களில் மூன்று பேர் இதை வாசித்தார்கள். ஆனால் இதன் கூடப்பிறந்த அண்ணன் கிப்ஸன் இ.எஸ். 330, 1959இல் வந்தது. ஜாஸ் கிட்டார்காரர் கிராண்ட் கிரீன், ப்ளூ நோட் கம்பெனிக்கு ஆரம்பகால ரெக்கார்டுகளை வாசித்தது அந்த 330இல்தான். 1961இல் அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு, ஒல்லிப் பெட்டியில் ஜாஸ் வராது என்று எவனாவது சொல்லட்டும், பார்க்கலாம்.

இதை நினைத்தபோதுதான், பெட்டி ஏன் முதலில் பெரிதானது என்று யோசித்தேன். கிப்ஸனின் பெரிய பெட்டி எல்-5 வந்த 1922இல் கிட்டாருக்கு ஆம்ப், அதாவது சத்தம் கூட்டும் பெட்டி, ஏது? டிரம்பெட்டும் டிராம்போனும் கத்துகிற பாண்டில் கிட்டார் காதில் விழ வேண்டுமானால் பெட்டியைப் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை. 1934இல் சூப்பர் 400 வந்தபோது அகலம் 18 அங்குலத்துக்கே போய்விட்டது. பெயரில் இருக்கும் 400 அதன் விலை, டாலரில். அடுத்த இரண்டு வருடத்தில் கிப்ஸன் பிக்கப் வைத்த இ.எஸ். 150ஐ இறக்கியது, 1939இல் சார்லி கிறிஸ்டியன் அதைத் தூக்கிக்கொண்டு கிளாரினெட் வாசிக்கிற பென்னி குட்மேனின் பாண்டுக்குள் போய், கிட்டாரை சாக்ஸபோன் மாதிரி பேச வைத்தார். அந்த நாளோடு பெரிய பெட்டியின் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஆனால் பெட்டி மட்டும் அப்படியே நின்றது. பார்க்க லட்சணமாக இருக்கிறதே, யார் கேட்பது!

பெட்டியை ஒல்லியாக்கு என்று கேட்டவர்கள் யார் தெரியுமா? நாஷ்வில்லின் கண்ட்ரி ஆட்கள் இரண்டு பேர், பில்லி பேர்டும் ஹாங்க் கார்லண்டும். எல்-5 மாதிரியே வேண்டும், ஆனால் அணைத்துப் பிடிக்கத் தோதாக வேண்டும் என்றார்கள். 1955இல் பேர்ட்லாண்ட் வந்தது: ஆழம் இரண்டேகால் அங்குலம், ஸ்கேல், அதாவது கம்பி அதிர்கிற நீளம், 23.5 அங்குலம். அப்போதே தோள் வலித்திருக்கும் போல.

“அப்படியானால் கிப்ஸன் இ.எஸ். 335 வாங்கேன்டா” என்று நீ சொல்வது கேட்கிறது. அது 1958இல் வந்தது, உள்ளே நடுவில் மேப்பிள் கட்டை ஓடுகிறது. ஊளையிடாது, ஸ்வரம் நின்று ஒலிக்கும், எல்லாம் சரி. அந்த நிற்பதுதான் எனக்கு ஆகாது. எனக்கு ஸ்வரம் ‘டப்’ என்று பிறந்து, வயிறு உப்பி, உடனே விழ வேண்டும். அதற்கு உள்ளே காற்று இருந்தாக வேண்டும். கஸினோவில் காற்று இருக்கிறது, அளவுதான் குறைவு.

அளவு குறைந்ததில் லாபமும் உண்டு. போன தையில் ஒரு ரிசப்ஷன். மேடையில் மானிட்டர் ஸ்பீக்கரை நேரே என் வயிற்றைப் பார்த்து வைத்துவிட்டார்கள். ஆறாவது கம்பியில் ஜி தொட்டாலே போதும், பெரிய பெட்டி ஊளையிட ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டார் ஏதோ இறுதிச் சடங்கு மாதிரி திரும்பிப் பார்த்தார்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கென்று ஒரு சொந்த ஸ்வரம் உண்டு. ஸ்பீக்கரிலிருந்து அதே ஸ்வரம் வந்து மோதினால் பெட்டி அதைப் பிடித்துக்கொண்டு விடாது. கொள்ளளவு குறைந்தால் அந்த ஸ்வரம் மேலே ஏறி, பலமும் குறையும். கஸினோவும் ஊளையிடும், அதைக் கொஞ்சம் சத்தம் கூட்டித்தான் வரவழைக்க வேண்டும். ஆம்ப்புக்கு நேரே நிற்காமல் கொஞ்சம் திரும்பி நின்றால் சமாளிக்கலாம். அப்புறம் இது ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகை என்று முகம் சுளிக்காதே, ஜாஸ் மேதை ஜோ பாஸ் வாசித்த கிப்ஸன் இ.எஸ். 175ம் ஒட்டுப்பலகைதான். ஐப்பசி மழையில் ஊறி, சித்திரை வெயிலில் காய்ந்து, நடுவில் ஏ.சி.யில் நடுங்குகிற இந்த ஊரில், செதுக்கிய ஸ்ப்ரூஸ் மர மேல்பலகை வைத்திருப்பவன் கிட்டார் வாசிக்க மாட்டான், அதற்குக் காவல்தான் இருப்பான்.

இரண்டையும் ஆம்ப்பில் மாற்றி மாற்றி வாசித்தேன், கார்டுகளாக, அதாவது பல ஸ்வரம் சேர்ந்த கொத்துகளாக. டோனைப் பாதிக்குக் கீழே இறக்கி, கழுத்துப் பக்கப் பிக்கப் மட்டும். பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் எது எது என்று கேட்டேன். “ரெண்டுலயும் அதே கார்டைத்தானேப்பா போடறே” என்றாள். போகட்டும். நான் கேட்டவரை, ஆம்ப் வழியாக வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சிறியது. கீழ்க் கம்பிகளில் சதை கொஞ்சம் குறைவு. நடு ஸ்தாயியில் ஒரு கரகரப்பு கூடுதல். அந்தக் கரகரப்பு பி-90 தருவது. எனக்குப் பிடித்துவிட்டது. கிராண்ட் கிரீன் ஆம்ப்பில் பாஸையும் ட்ரெபிளையும் குறைத்து மிட்டை ஏற்றிவிடுவார் என்பார்களே, அதை அப்படியே செய்து பார். ஸ்வரங்கள் வரிசையாக வந்து நிற்கும்.

குறையும் சொல்கிறேன். பி-90 ஒற்றைச் சுருள், டியூப்லைட் போட்டால் இரைகிறது. எங்கள் வீட்டு எர்த்திங் லட்சணத்தில் ஃபிரிட்ஜ் ஓடுவதே ஆம்ப்பில் கேட்கிறது. நெக் 16ஆவது ஃப்ரெட்டிலேயே பெட்டியோடு சேர்ந்துவிடுகிறது, அதற்கு மேலே போக விரல் ஏணி கேட்கும். எனக்கு மேலே வேலை கிடையாது, அது உன் ஏரியா. தம்பி போட்டிருக்கும் கம்பி தாராசுரத்துத் தறி நூல் மாதிரி மெலிசு. அதைக் கழற்றி ஃப்ளாட்வுண்ட், அதாவது தட்டையாகச் சுற்றிய வழவழப்பான கம்பி, போடாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். லீடு, ஒற்றை ஸ்வர வரிசை, வாசிக்கிற உனக்கு, கார்டு போட்டு ரிதம் வாசிக்கிற என் சிக்கல் புரியுமா தெரியவில்லை.

ஆம்ப்பை அணைத்துவிட்டு வாசித்தேன். பெரிய பெட்டியில் நாலு அடிக்கு நாலு கார்டு போட்டால், ஒவ்வொன்றும் நெஞ்செலும்பில் வந்து இடிக்கிறது. அந்த இடிதான் எனக்கு ரிதம். ரிதம் கிட்டார்காரர் ஃப்ரெடி கிரீன் 1937லிருந்து 1987இல் சாகும்வரை கவுண்ட் பேஸியின் பாண்டில் உட்கார்ந்து வேறென்ன செய்தார்? தாளத்துக்குள் மரத்தை வைத்தார். கஸினோவில் அதே கார்டு மணி மாதிரி தெளிவாகக் கேட்கிறது, ஆனால் இடிக்கவில்லை. ஒற்றை ஸ்வரமாகப் போனால் ஜம்மென்று போகிறது. கையே தன்னால் லைன் தேடுகிறது. கிராண்ட் கிரீனும் பெரும்பாலும் ஒற்றை ஸ்வரக்காரர்தான், கவனித்திருப்பாயே. ஆக இந்தக் கிட்டார் என்னை உன் கட்சிக்கு இழுக்கிறது. இத்தனை காலம் ரிதம் வாசித்தவனை, தோள் போன வயதில், லீடு வாசி என்கிறது. டோன் நல்லதா இல்லையா என்பதைவிட இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இதற்கும் எனக்கு நானே ஒரு பதில் வைத்திருக்கிறேன். ஜாஸ் கிட்டார்காரி எமிலி ரெம்லரும் 330தான் வாசித்தாள். அவள் போடுகிற கார்டுகளைக் கேள். 1990இல் ஆஸ்திரேலியாவில் போய்விட்டாள், 32 வயதுதான். அவள் ஒல்லிப் பெட்டியில் குழுவுக்குப் பின்னால் கார்டு போடும்போது ஒன்றும் குறையவில்லை. உன் ஊர் கிட்டார்காரர் எட் பிக்கர்ட் இதைவிடத் துணிந்துவிட்டார்: டெலிகாஸ்டர், உள்ளே காலியே இல்லாத சுத்தப் பலகை! 1975இல் டொரண்டோவில் சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்டுக்குப் பின்னால் அவர் வாசித்த கார்டுகளுக்கு எந்தப் பெட்டி வேண்டியிருந்தது? நம் ஊரையே எடுத்துக்கொள். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் எலெக்ட்ரிக் பலகை மாண்டலினில் வாசித்தபோது, சபாவில் இருந்தவர்கள் பெட்டி எங்கே என்றா தேடினார்கள்? கமகம் வந்ததா என்று பார்த்தார்கள்.

வாதம் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, ஆம்ப் இல்லாமல், நான் எனக்காக வாசிக்கிற அரைமணி இருக்கிறதே, அதற்கு இந்த வாதம் எதுவும் ஒட்டவில்லை. கச்சேரி இப்போது குறைந்துவிட்டது. மேடையில் கேட்பவனுக்கு ஒல்லிப் பெட்டி போதும், எனக்குத்தான் போதாது. வாசிப்பதில் பெரும்பகுதி எனக்காகத்தான் என்னும்போது யார் காதை வைத்து முடிவெடுப்பது?

மனைவி இதைக் கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்துவிட்டாள்: “எக்ஸர்சைஸ் பண்ணாம இருக்க நாற்பதாயிரத்துக்கு ஒரு சாக்கு.” அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தோள் ஒரு வருடத்திலோ இரண்டு வருடத்திலோ தானாகவே இளகிவிடுவதும் உண்டாம். அதுவரை பெரிய பெட்டியைத் தொடாமல் இருந்தால், இளகிய தோளுக்கு வாசிக்க என்ன மிச்சமிருக்கும் என்பதுதான் என் பயம். இதை வீட்டில் சொல்லவில்லை. வாசிக்காமல் விட்டால் கை எப்படி நின்றுபோகும் என்று நம் மாஸ்டரிடம் பார்த்தோமே. அவரும் முதலில் “கொஞ்ச நாள் ஓய்வு” என்றுதான் சொன்னார்.

ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் பெரம்பூர் அங்கிளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். எண்பதைத் தாண்டியும் குரல் அப்படியே இருக்கிறது. பழைய பாட்டுதான் பாடினார்: “கிட்டாருக்குத் தொப்பை வேணும் மேன், வாசிக்கிறவனுக்குக் கூடாது.” எனக்கு இப்போது இரண்டும் தலைகீழாக இருக்கிறது என்றேன். சிரித்து இருமி, போனை மகளிடம் கொடுத்துவிட்டார்.

இன்றைய நிலவரம்: கஸினோவை வாங்கிவிடுவது, பெரிய பெட்டியை விற்காமல் உறையில் வைப்பது என்ற பக்கம்தான் சாய்ந்திருக்கிறேன். நீ வேறு சொன்னால் கேட்பேன், ஆனால் காரணத்தோடு சொல். தம்பி இந்த மாதக் கடைசியில் விமானம் ஏறுகிறான். மார்கழிக்கு வரும்போது ஃப்ளாட்வுண்ட் இரண்டு செட் கொண்டுவா: முதல் கம்பியின் தடிமன் 12இல் ஆரம்பிக்க வேண்டும், மூன்றாவது கம்பி சுற்றியதாக இருக்க வேண்டும். போன தடவை மாதிரி பேஸ் கிட்டார் கம்பியைக் கொண்டுவந்து நிற்காதே. பணம் பாங்கோஸிடம் வாங்கிக்கொள், கேக்காகத் தருவான்.

உன்
ரிதம்