கடன் கொப்பி இருக்கிறது

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடைக்குக் கணினி வந்த நாளிலிருந்து, "தம்பி, இனிக் கொப்பி இல்லையோ?" என்று கேட்காதவர்கள் குறைவு. சிலர் கேட்காமலே முகத்தைச் சுருக்கிக்கொண்டு காசை எண்ணி வைத்துவிட்டுப் போகிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

அப்பப்பா கரடிப்போக்குச் சந்தியில் கிடுகுக் கொட்டில் போட்டுப் பலசரக்கு விற்கத் தொடங்கியபோது கிளிநொச்சி தனி மாவட்டமே இல்லை. அது 1984இல் வந்தது. ஐப்பசியில் வயல்காரர் கையில் காசு நிற்காது. உழவு, விதைநெல், பசளை என்று எல்லாம் மண்ணுக்குள் போய்விடும். காலபோக நெல் வெட்டி விற்கும்வரை பருப்பும் சீனியும் தேயிலையும் கொப்பியில்தான் ஓடும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் காணாத வருடங்களில் அடுத்த போகம்வரை ஓடும்.

1990க்குப் பிறகு எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை. சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த காலம் அது. மண்ணெண்ணெயை அப்பா மருந்துப் போத்தலால் அளந்து கொடுத்தார். 1996இல் யுத்தத்தால் ஊர் இடம்பெயர்ந்து எழும்ப, கடையும் ஸ்கந்தபுரத்துக்கு எழும்பியது. 2002இல் கண்டி–யாழ்ப்பாணம் ஏ-9 பாதை மறுபடி திறந்தது. பழைய இடத்துக்கு வந்தோம். 2008 கடைசியில் மறுபடி யுத்தம்; தராசையும் கொப்பிகளையும் உரப்பையில் கட்டிக்கொண்டு தருமபுரம், விசுவமடு, அதற்கும் அப்பால். கொப்பிகள் திரும்பி வரவில்லை. அதைப்பற்றி இவ்வளவும் போதும் என்கிறார் அப்பா.

2010இல் தகரக் கொட்டிலில் மறுபடி தொடங்கினோம். ஒரு நாள் காலை ஓர் அம்மா வந்து, சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, ஈரமாய் ஒட்டிக்கிடந்த நோட்டுகளைப் பிரித்து வைத்தார். "ஆவணியில எடுத்தது. இரண்டு கிலோ மா, ஒரு கிலோ சீனி, கால் கிலோ செத்தல் மிளகாய். அவர் இருந்திருந்தா அவரே தந்திருப்பார்." பழைய விலை அப்பாவுக்கு நினைவில்லை. அந்த அம்மாவுக்குச் சதம் பிசகாமல் நினைவிருந்தது. அவரைப் போல இன்னும் பலர் வந்தார்கள். வராதவர்களை நாங்கள் கடன்காரர் என்று நினைத்ததேயில்லை.

பிழை விட்டது நாங்கள்தான். 2022இல் விலைகள் கிழமைக்குக் கிழமை ஏறியபோது, கொப்பியில் சாமானை எழுதி அன்றைய விலையை எழுதாமல் விட்டோம். கணக்கு முடிக்கும்போது சிலரோடு மனக்கசப்பு வந்தது. இப்போது கணினி அன்றைய விலையோடு துண்டு அடித்துத் தரும். ஒன்று உங்களுக்கு, மற்றது கொப்பியில் உங்கள் பக்கத்தில் ஒட்டப்படும். கொப்பி அதே லாச்சிக்குள்தான் இருக்கிறது.

பழைய கணக்கில் சந்தேகம் உள்ளவர்கள் தைப்பொங்கலுக்கு முன் வாருங்கள், இருந்து பார்ப்போம். அரை இறாத்தல் செத்தல் கேட்கும் அப்புமாருக்கு ஒரு சொல்: புதுத் தராசு 227 கிராம் என்று காட்டும். பயப்படாதேங்கோ, அது அதே அரை இறாத்தல்தான்.

இப்படிக்கு,
கடைக்காரர்